துடிப்பதற்கு ஒரு சாட்சி

பெரிய ஆங்கில–பல்கேரிய அகராதியின் புதிய பதிப்பில் எவ்லோகி தன்ச்செவின் பங்குக்கு விழுந்தது 'டீ' (T) என்கிற எழுத்து. ஐம்பத்தாறு வயது, விவாகரத்தானவர், வலது முழங்காலில் வலி, காதுக்கு மேலே மட்டும் செழிப்பான முடி. இப்பேர்ப்பட்ட ஆளை நம்பி ஒரு நாடு தன் எழுத்தை ஒப்படைத்திருக்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நாட்டின் மேல்தான் இரக்கம் வரும்.

அகராதி அலுவலகம் தலைநகர் சோபியாவின் நடுவில், மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழைய ஆட்சியோடு சேர்ந்து நின்றுபோனது. ஆட்சி போய்விட்டது, லிஃப்ட் கொள்கைப் பிடிப்போடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாடியில் கூட்டம் நடக்கும். நீள மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் கீரை ஆய்வதுபோல் ஆய்ந்து, பொருள் இது, பல்கேரியச் சொல் இது, எடுத்துக்காட்டு வாக்கியம் இது என்று முடிவு கட்டுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் தேறினால் அன்று எல்லாரும் வீட்டுக்குப் பெருமையாகப் போவார்கள்.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு விதி உண்டு. முதல் பதிப்பில், எந்த மனிதனும் வாயால் சொல்லாத பல்கேரியச் சொற்களாகப் போட்டு நிரப்பி ஊரே சிரித்துவிட்டதாம். அதிலிருந்து சட்டம் போட்டார்கள்: பாட்டிலும் புத்தகத்திலும் வாழ்த்து அட்டையிலும் மட்டும் உயிர்வாழும் சொல் என்று சந்தேகம் வந்தால், அதை உயிருள்ள ஒருவர், நிஜமான காரியத்துக்காக, வாயால் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். யார் சொன்னது, எப்போது, யாரிடம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் சொல் உள்ளே வரும். இல்லாவிட்டால் வாசலோடு சரி.

இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் ஸோர்னித்ஸா. ஐம்பத்தொரு வயது, கணவர் இறந்து நெடுநாளாயிற்று. கோட்டுப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை, கையில் சிவப்புப் பென்சில். டிராமில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு போனால், அந்த வாக்கியம் எப்படி முடிகிறது என்று கேட்பதற்காகத் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே இறங்கிப் போய்விடுவார். பிறகு வழி தெரியாமல் மழையில் நனைந்து வந்து, பெரிய புதையலைக் கண்டெடுத்தவர்போல ஒரு வசவுச் சொல்லை மேஜையில் வைப்பார்.

எவ்லோகிக்கு அவர்மேல் காதல். ஒன்பது வருஷமாக. இது எவ்லோகியைத் தவிர யாருக்கும் தெரியாது. எவ்லோகிக்கே சில நாள் சந்தேகமாக இருக்கும், ரத்த அழுத்தமோ என்று. அந்த ஒன்பது வருஷமும் அவர் அந்த அம்மாளிடம் பேசியதையெல்லாம் திரட்டினால், பாதி வானிலையைப் பற்றியும் மீதி காற்புள்ளியைப் பற்றியும் இருக்கும். ஸோர்னித்ஸா அவருக்குக் கொடுத்ததைத் திரட்டினால் எல்லாம் சிவப்புக் கோடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை, தொண்டை என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில், ஸோர்னித்ஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். கடற்கரையில், பால்ச்சிக் ஊரில், அவருடைய அக்கா ஒரு சின்ன விடுதி நடத்துகிறாள். விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறார். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

தலைமைப் பதிப்பாசிரியர் பேராசிரியர் கரஸ்தோயனோவ், இது ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். அடுத்த மூச்சிலேயே, அந்த அம்மாளின் மேஜை ஜன்னலோரம் இருப்பதால் அது யாருக்கு வேண்டும் என்றும் விசாரித்தார். இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

எவ்லோகி கை தூக்கவில்லை. இடது மார்புக்குள் எதுவோ எழுந்து நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, கதவை உதைக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த சொல்லைப் படியுங்கள் கொலேகா, என்றார் பேராசிரியர். அவர் ஒருவரைக் 'கொலேகா' என்று சகாவாக விளித்தால் அந்தச் சகா மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். எவ்லோகி அட்டையைப் பார்த்தார். அடுத்த சொல் 'த்ராப்' (throb).

விதி என்பது சில சமயம் நாலாந்தர நாடகக்காரனைப்போல நடந்துகொள்ளும்; அதற்கு எவ்லோகி பொறுப்பல்ல. அகர வரிசை அப்படி.

அவர் படித்தார். ஒன்று, இதயம் வேகமாக, பலமாக அடித்துக்கொள்ளுதல். இரண்டு, புண்ணோ தலையோ விண்விண்ணென்று தெறித்தல். மூன்று, இயந்திரமோ இசையோ விட்டுவிட்டு அதிர்தல். நமக்கென்ன, 'துடிக்கிறது' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதயம், மீசை, தூண்டில் புழு, வெளிநாடு போக நிற்கும் மைத்துனன் எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுகிறோம். பல்கேரியர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

பேராசிரியர் மூன்றுக்கும் சேர்த்து 'புல்சிரா' போதும் என்றார். அவருக்கு லத்தீன் வழி வந்த சொல் என்றால் உயிர். கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருகிற சொல் அது. நட்சத்திரத்துக்கும் போடலாம், நாடிக்கும் போடலாம், சலவை இயந்திரத்துக்கும் போடலாம். எவ்லோகி, சலவை இயந்திரத்துக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் இதயத்துக்கு 'துப்தி' என்று ஒரு சொல் இருக்கிறதே என்றார். அது கல்யாண வீட்டில் மூன்றாவது கிளாஸ் ரக்கியாவுக்குப் பிறகு வருகிற சொல் என்றார் பேராசிரியர். மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜன்னலோர மேஜைக்குக் கை தூக்கிய அதே இரண்டு பேர்.

எவ்லோகி எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படித்துவிட்டார். முந்தைய நாளே எழுதி வைத்தது அது. அப்போது அது வெறும் வாக்கியம்.

ஸோர்னித்ஸா தலையைச் சாய்த்துக் கேட்டார். டிராமில் கேட்பதுபோலவே.

"'அவள் உள்ளே வந்ததும் அவன் இதயம் துப்தி.' கேக்க நல்லாத்தான் இருக்கு. யாரு சொல்றாங்க இப்படி?"

"ஜனங்க."

"எந்த ஜனங்க? டாக்டர்கிட்ட போறவங்க 'அடிச்சுக்குது'ம்பாங்க. பயந்தவங்க தொண்டைக்கு வந்துருச்சும்பாங்க. துப்தின்னு நான் பாட்டுலதான் கேட்டிருக்கேன்."

"எங்க மாமா ஒருத்தர் சொல்லுவார்."

"உயிரோட இருக்காரா?"

"இல்ல."

"அப்ப அவர் வாய் செல்லாது."

சிவப்புப் பென்சில் இறங்கியது. ஆனாலும் ஸோர்னித்ஸா நியாயஸ்தி. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள் உயிருள்ள வாய் ஒன்று கிடைத்தால் கொண்டுவரலாம், இல்லாவிட்டால் பேராசிரியரின் புல்சிராவே இருக்கட்டும் என்று தீர்ப்பை ஒத்திவைத்தார். எவ்லோகி தன் அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உயிருள்ள வாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மூக்குக்குக் கீழே, காலையில் தின்ற பனித்ஸாப் பலகாரத்தின் துணுக்கு ஒட்டிய நிலையில் இருந்தது. வெள்ளிக்குள் அதைத் திறக்க வேண்டும். அகராதிக்காக அல்ல. அகராதி எக்கேடு கெட்டால் என்ன? அந்த அம்மாள் போய்விடுவார். போவதற்குள் சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை காலை, படிக்கட்டின் கீழே இருக்கும் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸோர்னித்ஸா தனியாக நின்றார். இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை எந்தக் கடவுளும் ஏற்பாடு செய்ய முடியாது. எவ்லோகி கிட்டே போய், முகவாயை உயர்த்தி, மூச்சை இழுத்தார். ஸோர்னித்ஸா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றார். சொன்ன மறுகணமே முகம் மலர்ந்தது. 'த்ராப்'பின் இரண்டாம் பொருளுக்குச் சாட்சி கிடைத்துவிட்டதே, யார் சொன்னது நான், எப்போது இப்போது, யாரிடம் உங்களிடம், என்று கணக்காக ஒப்பித்துவிட்டு மறுபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எவ்லோகி இழுத்த மூச்சை அப்படியே காலுக்கு அனுப்பி, மூலை மருந்துக்கடைக்கு ஓடி மாத்திரை வாங்கி வந்தார். வந்தபோது அந்த அம்மாள் மாடிக்குப் போய்விட்டிருந்தார். மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். காதலைத் தெரிவிக்கப் போன மனிதன் மாத்திரையைத் தெரிவித்துவிட்டு வந்தது உலகத்தில் முதல் தடவையாக இருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார். வானொலியில் மத்தியானம் டான்யூப் நதியின் நீர்மட்டம் வாசிப்பார்களே, அந்தக் குரல் வந்தது. ரூசே, நூற்றெண்பது சென்டிமீட்டர். எவ்லோகி, இதயம் துப்தி. குரலை மாற்றிப் பார்த்தார். இப்போது இரங்கல் கூட்டம் மாதிரி இருந்தது. கையில் ஏதாவது பொருள் இருந்தால் பேச்சு வரும், வெறுங்கைதான் மனிதனை முட்டாளாக்குகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு பெட்டி சாக்லேட். அதை நீட்டிக்கொண்டே சொல்லிவிடலாம்.

இந்த யோசனை வந்தபோது அவர் தன்னை மெச்சிக்கொண்டார். பொதுவாக அவர் தன்னை மெச்சிக்கொள்ளும் நாளில்தான் ஏதாவது நடக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்காரப் பெண், வெயில் விழுகிற ஜன்னலில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டியையே எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். வழியெல்லாம் எவ்லோகிக்கு அதே கவலை: உருகி வெளுத்துப் போயிருந்தால்? ஒன்பது வருஷம் காத்திருந்து பூசணம் பூத்த சாக்லேட்டையா நீட்டுவது? அலுவலக வாசற்படியில் நின்று நாடாவை அவிழ்த்து, மெல்லிய தாளைக் கிழித்து, மூடியைத் திறந்து பார்த்தார். எல்லாம் பளபளவென்று ஒழுங்காக இருந்தன. நிம்மதியாக மூச்சு விட்டார். நாடாவைத் திரும்பக் கட்ட வரவில்லை. சரி என்று அப்படியே, திறந்த பெட்டியோடு, உள்ளே நுழைந்தார்.

அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. திறந்த சாக்லேட் பெட்டியோடு ஒருவர் அலுவலகத்துக்குள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வந்தவருக்கு வாழ்க்கையில் நல்லது நடந்திருக்கிறது, ஊருக்கு விருந்து வைக்கிறார். பிறந்தநாளா, கார் வாங்கினாரா, மகள் பரீட்சையில் தேறினாளா, யாருக்கு மகிழ்ச்சியோ அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டும். வருகிறவர் நீட்டாமலிருக்க முடியாது. எதிரே நிற்கிறவர் எடுக்காமலிருக்கவும் முடியாது. எவ்லோகி இருபது வருஷமாக மற்றவர்களின் பெட்டியிலிருந்து வேண்டிய மட்டும் எடுத்துத் தின்றவர். தன் கையில் ஒரு பெட்டி இருந்தபோது மட்டும் மறந்துபோனார்.

வாயிற்காவலர் ராங்கெல் கிழவர் கூண்டிலிருந்து கையை நீட்டி, என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார் எவ்லோகி.

"சும்மாவா? சும்மா எவன்டா சாக்லேட் குடுப்பான். சொல்ல இஷ்டமில்லன்னா விடு தம்பி. உயிரோட உடம்போட நல்லா இரு."

ராங்கெல் இரண்டு எடுத்தார். ஒன்று அவருடைய மனைவிக்காம். மனைவி அப்போது ஊரில் இல்லை.

முதல் மாடியில் மூன்று பேர், இரண்டாம் மாடியில் கதவெல்லாம் திறந்துகொண்டன. எவ்லோகி பெட்டியைக் கோட்டுக்குள் ஒளிக்கப் பார்த்தார். அது இன்னும் மோசமாக, ஏதோ பெரிய விசேஷத்தை மறைப்பதுபோலத் தெரிந்தது. கணக்குப் பிரிவு தின்கா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்றே யோசித்தாள். சம்பளப் பட்டியல் போடுகிறவள். அவளுக்குத் தெரியாத பிறந்தநாள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. இவருடையது ஆகஸ்ட். பெயர்நாளும், அதாவது பெயருக்குரிய புனிதரின் திருநாளும், இன்று இல்லை. கார் இல்லை, பேரன் இல்லை, லாட்டரி வாங்குகிற தைரியமும் இல்லை. இன்று இந்தக் கட்டடத்தில் நடக்கிற ஒரே சங்கதி ஸோர்னித்ஸா போவது. தின்காவின் கண்கள் விரிந்தன. அடப்பாவி மனுஷா, என்று அன்போடு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

எவ்லோகிக்கு முழங்கால் வலி. படி ஏற நேரமாகும். செய்திக்கு முழங்கால் கிடையாது. அவர் மூன்றாம் மாடியை அடைவதற்குள் அது போய்ச் சேர்ந்து, காப்பி குடித்து, ஆறுதலாக உட்கார்ந்திருந்தது. ஒன்பது வருஷமாகச் சிவப்புக் கோடு வாங்கிய மனிதர், அந்த அம்மாள் ஒழிந்தார் என்று சாக்லேட் வினியோகம் செய்கிறார். பேராசிரியர் வராந்தாவிலேயே வழிமறித்தார்.

"புரியுது கொலேகா. அந்தப் பென்சில்கிட்ட நானும் பட்டிருக்கேன். மனுஷன்தானே நீங்களும். ஆனா இன்னிக்கேவா? திங்கக்கிழமை குடுத்திருக்கலாமே."

எவ்லோகி மறுக்க வாயெடுத்தார். பேராசிரியர் அதற்குள் ஹேசல்நட் வைத்ததைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு, உயிரோடு உடம்போடு இருக்கும்படி வாழ்த்திவிட்டு நகர்ந்தார்.

ஸோர்னித்ஸா வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எவ்லோகி எதிரே போய் நின்றபோது அவர் கையிலிருந்த பெட்டியில் ஒரே ஒரு சாக்லேட் இருந்தது. யாரோ எடுத்து, அமுக்கிப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப வைத்தது. ஸோர்னித்ஸா அதைப் பார்த்தார். பிறகு எவ்லோகியைப் பார்த்தார். எடுக்க மாட்டேன் என்று சொல்ல அந்த ஊர் வழக்கத்தில் இடமில்லை. எடுத்தார்.

"கேள்விப்பட்டேன். உயிரோட உடம்போட நல்லா இருங்க. இனிமே என் பென்சில் உங்களைக் குத்தாது."

சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஒன்பது வருஷமும் மூன்று மாடியும் ஏறி வந்தது இதற்குத்தான். எவ்லோகி வாயைத் திறந்தார்.

"உள்ள செர்ரி இருக்கும். சட்டையில படாம பாத்துக்கங்க" என்றார்.

ஸோர்னித்ஸா அதை ஒரு தாளில் சுற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்தார். அதற்கப்புறம் எவ்லோகி பக்கம் திரும்பவே இல்லை. தன்மேல் அந்த அம்மாளுக்கு இத்தனை நாளும் மரியாதை இருந்திருக்கிறது என்பதே, அது போகும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கூட்டம் தொடங்கியது. வழியனுப்பு உரையில் பேராசிரியர் ஸோர்னித்ஸாவைக் காது என்றும், மொழியின் மனசாட்சி என்றும் புகழ்ந்தார்; நடுவில் இரண்டு தடவை ஜன்னலோர மேஜையைப் பார்த்தார். பிறகு பாக்கியிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. தின்கா ஏதோ ரசீதில் கையெழுத்து வேண்டும் என்று வந்து, கையெழுத்து கிடைத்த பிறகும் வாசலிலேயே நின்றாள். கடைசியாக 'த்ராப்' வந்தது.

சாட்சி இருக்காது, புல்சிரா என்று போட்டு முடித்துவிடலாம் என்றார் பேராசிரியர், பேனா மூடியைத் திருகிக்கொண்டே. சாட்சி இருக்கிறது என்றார் எவ்லோகி. மேஜை நிமிர்ந்தது. ஸோர்னித்ஸா மட்டும் நிமிரவில்லை.

"உயிரோட இருக்காரா?"

"இதுவரைக்கும்."

"எப்ப சொன்னார்? யாருகிட்ட?"

"இன்னும் சொல்லல."

"அப்ப அது சாட்சியே இல்ல. நேரத்தை வீணாக்காதீங்க, எனக்குச் சாயங்காலம் ரயில் இருக்கு."

எவ்லோகி எழுந்தார். அந்த மேஜையில் யாரும் எழுந்து பேசும் வழக்கம் இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. அதை நிமிர்த்தி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, யோசித்தால் நாற்காலியோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அப்படியே விட்டார்.

"இப்பச் சொல்றேன். ஸோர்னித்ஸா, அந்தப் பெட்டி உங்களுக்கு வாங்கினது. நீங்க போறதைக் கொண்டாட இல்ல. திறந்து பாத்தேன், மூடத் தெரியல, வழியில ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க. ஒம்பது வருஷமா, காலையில நீங்க அந்தக் கதவைத் திறந்து உள்ள வர்றப்ப, எனக்கு இதயம் துப்தி. அடிச்சுக்கல. அடிச்சுக்கிட்டா டாக்டர்கிட்ட போயிருப்பேன். புல்சிராவும் இல்ல, அது பேராசிரியரோட சலவை மெஷினுக்கு. துப்தி. வேற சொல்லு இருந்தாக் குடுங்க, மாத்திக்கிறேன். நான் தேடிட்டேன், இல்ல."

குரல் டான்யூப் நீர்மட்டக் குரல்தான். அதற்கு மேல் அவரிடம் குரல் கிடையாது.

பேராசிரியர் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தினார். வாசலில் தின்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கணக்கில் ஒரு தடவைகூடத் தப்புப் போடாதவள், போட்ட முதல் தப்பு அந்தச் சாக்லேட் கணக்குதான் போலிருக்கிறது.

ஸோர்னித்ஸா கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். பழக்கம் என்பது பெரிய துணை. கை தானாகச் சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தது.

"கேட்டேன்" என்றார். "புத்தகத்துலேருந்து இல்ல. வாயிலேருந்து. நிஜமான காரியத்துக்கு." பென்சிலின் முனையைப் பார்த்தார். "சேத்துக்கலாம்."

அட்டையை இழுத்து, இதயத்துக்கு நேரே துப்தி என்று எழுதினார். பக்கத்தில், சின்ன எழுத்தில், அருகிய வழக்கு என்றும் எழுதினார். எவ்லோகிக்குத் தலைகீழாகப் படிக்கத் தெரியும். அந்தத் தொழிலில் அதுதான் முதலில் கற்றுக்கொள்வது.

"அருகிய வழக்கு இல்லைங்க. தினமும். சனி, ஞாயிறு ஆபீஸ் லீவுங்கறதால இல்ல."

ஸோர்னித்ஸா அந்த இரண்டு சொல்லையும் அடித்தார். காது இரண்டும் பென்சிலின் நிறத்துக்கு வந்திருந்தன.

அட்டைப்பெட்டியை எவ்லோகிதான் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூன்று மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன. ஒருவரும் என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டாக்ஸிக்காக நடைபாதையில் நின்றபோது அந்த அம்மாள் சட்டென்று திரும்பினார். எவ்லோகி எதிர்பார்த்தது கண்ணீரையோ புன்னகையையோ, வந்தது கோபம்.

"ஒம்பது வருஷம். அந்த வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"பனித்ஸா."

"சிரிப்புக் காட்டாதீங்க. கடைசி நாள்ல, அத்தனை பேரு முன்னாடி சொல்றீங்க. நான் சொன்ன பதில் அகராதிக்கு. உங்களுக்கு இல்ல."

அப்படியானால் எனக்கு என்ன பதில் என்று எவ்லோகி கேட்டார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் தன் வாழ்நாளில் பேசியதில்லை. அக்கா படுத்துக் கிடக்கிறாள், நான் போகத்தான் வேண்டும், என்றார் ஸோர்னித்ஸா. போங்கள், போகத்தான் வேண்டும், என்றார் இவரும். டாக்ஸி வந்தது. ஓட்டுநர் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, கதவை மூடிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"கோடையில பால்ச்சிக்குக்கு ஊரே வரும். வர்றவன் கடலுக்கு வர்றானா, மீனுக்கு வர்றானான்னு கண்டுபிடிக்க முடியாது. நவம்பர்ல காத்து அடிக்கறப்ப ஒரு நாய்கூட எட்டிப் பாக்காது. அப்ப ஒருத்தன் வந்தா, எதுக்கு வந்தான்னு நான் கேக்க வேண்டியிருக்காது."

டாக்ஸி போய்விட்டது. மற்ற ஆண்களுக்குப் பெண்கள் ரோஜா கொடுக்கிறார்கள், கைக்குட்டை கொடுக்கிறார்கள். நமக்கு வானிலை அறிக்கை, என்று எவ்லோகி நினைத்துக்கொண்டார். ஆனாலும் முழங்கால் வலி இல்லாதவர்போலத்தான் மாடி ஏறினார்.

கோடை முழுக்க அவர் 'டீ' எழுத்தை அரைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோர மேஜைக்கு வந்தவர் காற்று உடம்புக்கு ஆகாது என்று ஜன்னலை ஆணி அடித்து மூடினார். அச்சுப்படியில் பேராசிரியர் புல்சிராவை முதலிலும் துப்தியை இரண்டாவதாகவும் போட்டு, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'அவளை' எடுத்துவிட்டுப் 'பிரதிநிதிக் குழுவை' வைத்திருந்தார். பிரதிநிதிக் குழு உள்ளே வந்ததும் அவன் இதயம் துப்தி. எவ்லோகி அதற்காகச் சண்டை போடவில்லை. காலண்டரைப் பார்த்தார்.

நவம்பரில் வார்னா வரைக்கும் ரயில், அங்கிருந்து சின்ன பஸ். பஸ்ஸில் அவரும் ஓட்டுநரும் மட்டும். பைத்தியமா உங்களுக்கு, இந்தக் காற்றிலா, என்று ஓட்டுநர் கேட்டார்; எவ்லோகி ஆமாம் என்றார். ஊர் முழுக்க மேடு, மேடு முழுக்கப் படி. குடை முதல் திருப்பத்திலேயே மடங்கி, இரண்டாம் திருப்பத்தில் அவரிடம் விடைபெற்றுக்கொண்டது. விடுதி வாசலை அடைந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. வழியெல்லாம் தயாரித்து வந்த வாக்கியங்கள் எந்தப் படியில் விழுந்தன என்று தெரியவில்லை.

ஸோர்னித்ஸா வெளியில்தான் நின்றார், முற்றத்தில், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வாயில் இரண்டு ஆணியோடு, கையில் சுத்தியலோடு. காற்று பிய்த்தெடுத்த ஜன்னல் கதவு ஒன்று சுவரில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பிறகு வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் எடுத்தார்.

"வந்து இதைப் புடி எவ்லோகி. விட்டுறாத, நான் அடிக்கணும்."

எவ்லோகி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தார். காற்று பலமாக இழுத்தது. அவர் விடவில்லை.